பூத்திருட்டுக்கு ஒரு விளக்கு

எங்கள் வேலியில் உள்ள செம்பருத்தியும் நந்தியாவட்டையும் நான் வைத்தவை. தண்ணீர் ஊற்றுவதும் உரம் போடுவதும் நான்தான். ஆனால் விடிவதற்குள் யாரோ வந்து பூவையெல்லாம் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கு அது பெரிய விஷயமில்லை. என் கணவருக்குத்தான் மானப் பிரச்சினை.

"எல்லாம் எஸ்டேட் புத்தி," என்பார். ஈப்போ டவுனில் பிறந்து, அரசாங்க அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தே ஓய்வு பெற்றவர். எங்கள் தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில், பழைய ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் குடியிருக்கிறார்கள். திருட்டு அங்கிருந்துதான் வருகிறது என்று தீர்ப்பே எழுதிவிட்டார். நானும் சுங்காய் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள்தான். கல்யாணமான நாளிலிருந்து இந்த வார்த்தையைக் கேட்கிறேன். சத்தமாகச் சிரித்தால் எஸ்டேட் புத்தி. மீன் தலையை உறிஞ்சிச் சாப்பிட்டால் எஸ்டேட் புத்தி. சொல்லி முடித்ததும் "உன்னைச் சொல்லல லா" என்று ஒரு வால் ஒட்டுவார். அந்த வால்தான் எனக்கு அதிகம் எரியும்.

திருடனைப் பிடிக்க, ஆள் நடமாடினால் தானாக எரியும் விளக்கு ஒன்றை வாங்கி வந்தார். வெயிலில் சார்ஜ் ஆகும் வகை. அதை வெயிலே படாத கார் கொட்டகைக்குள் மாட்டினார். எரியவில்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டினார். பெட்டியிலிருந்த தாளை நான் படித்துச் சொன்ன பிறகு கேட் தூணுக்கு மாற்றினார். அங்கே பூனைக்கு எரிந்தது, ரோட்டில் போகிற மோட்டார் சைக்கிளுக்கும் எரிந்தது. விளக்கின் முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக் கீழே சாய்த்ததும்தான் ஒழுங்காக வேலை செய்தது.

ஒரு விடியற்காலை பளிச்சென்று எரிந்தது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, விளக்குமாற்றோடு ஓடினார். பின்னாலேயே நானும் ஓடினேன்.

வேலியோரம் நின்றது அடுத்த ரோட்டில் குடியிருக்கும் அவருடைய சொந்த அக்கா. குளித்து முடித்து, நெற்றி நிறைய விபூதி, கையில் பிளாஸ்டிக் கூடை.

"நீதான் மாட்டுனியா தம்பி? நல்லா இருக்கு லா. இத்தன நாளா இருட்டுல மொட்டையும் சேத்துப் பறிச்சிட்டேன். இப்போ எல்லாம் தெரியுது."

சாமிக்குப் பறித்தால் அது அக்கா கணக்கில் திருட்டே இல்லை. என் கணவர் விளக்குமாற்றை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "ஆமாக்கா," என்றார். நான் உள்ளே போய் வயிறு வலிக்கச் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன்.

அன்றைக்கே விளக்கு கெட்டுவிட்டது என்று சொல்லிக் கழற்றினார். கழற்றிய வேகத்தில் கீழே விட்டு, நிஜமாகவே உடைத்தார். குப்பைத்தொட்டியில் போடப் போனவரைத் தடுத்தேன். உள்ளே பேட்டரி இருக்கிறது, குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். மூடியைத் திருகிப் பேட்டரியைத் தனியே எடுத்து, இரண்டு முனையிலும் டேப் ஒட்டினேன். பழைய மின்சாதனங்களைப் போட பேரங்காடியில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். "ஒரு லைட்டுக்குக் கருமாதியா?" என்று முனகிக்கொண்டே காரை ஓட்டினார். ஆனாலும் சாட்சியை ஒழிப்பதில் என்னைவிட அவருக்குத்தான் அவசரம்.

மறுநாள் காலை கேட்டிலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"தம்பி, லைட்டு எங்கடா? கையெல்லாம் வேலிக்கம்பி கீறிடுச்சு. நல்லா எரிஞ்சத யாராச்சும் கழட்டுவாங்களா? என்னடா இது எஸ்டேட் புத்தி?"

என் கணவர் தரையைப் பார்த்தார். அக்கா என் பக்கம் திரும்பி, "உன்னைச் சொல்லல லா," என்றார்.

திட்டு வாங்கியது அவர்தான், ஆனால் சுருக்கென்று தைத்தது எனக்கு. இத்தனை வருஷம் விழுங்கியதெல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது.

"என்னையே சொல்லுங்கக்கா. நான் எஸ்டேட்காரிதான். எங்க தோட்டத்து லயத்து வீடுங்கள்ல பூ வேணும்னா கதவத் தட்டிக் கேப்போம். நீங்களும் கேளுங்க, நானே பறிச்சுத் தாரேன்."

அக்கா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு பூ திருட்டுப் போவதில்லை. செம்பருத்தி வேலியிலேயே பூத்து, வேலியிலேயே வாடுகிறது. இதுவரை யாரும் கதவைத் தட்டவில்லை.