நான் மறைச்சு வைச்ச நிரல்

முதலிலேயே ஒண்டைச் சொல்லிப்போடுறன். இந்தக் கதையில கெட்ட ஆள் எண்டு ஒருத்தரும் இல்லை. இருந்திருந்தா எனக்கு எவ்வளவு நிம்மதி! ஆரையாவது பிடிச்சு வாய்க்கு வந்தபடி ஏசியாவது ஆறியிருப்பன். நான் ஏசத் தொடங்கினா வீட்டில நாய்கூட எழும்பி வெளியில போயிடும், அப்பிடி ஒரு வாய் எனக்கு. ஆனா இதில ஏசுறதுக்குக் கிடைச்ச ஆள் நான் மட்டும்தான்.

அப்ப நான் ஒரு தொண்டு நிறுவனத்தில விபரம் எடுக்கிற வேலை. இப்பவும் அதே வேலைதான், வெக்கம் கெட்டுப்போய் செய்துகொண்டிருக்கிறன். மன்னார் டவுணில காலமை பஸ் ஏறி, பாலம் தாண்டி, முசலிப் பக்கம் போவன். மறிச்சுக்கட்டிக்குப் போற றோட்டில இறங்கி உள்ளுக்கு நடந்தா ஒரு சின்னக் கிராமம் வரும். மலைநாட்டுத் தோட்டங்களை விட்டு வந்து குடியேறின சனம். வந்து எத்தினையோ வருசமாகியும் மற்றவையின்ர வயலில கூலிக்குப் போய்த்தான் சீவியம். கூரை ஒழுகிற வீடுகளுக்குப் புதுக் கூரை போட்டுக் குடுக்கிற திட்டம் ஒண்டு வந்திருந்தது. ஆருக்குக் குடுக்கிறது எண்டு தீர்மானிக்க, ஒவ்வொரு வீடா ஏறி இறங்கி, டப்பில, அதுதான் அந்தப் பெரிய போனில, பதில்களைத் தட்டிக்கொண்டு வாறதுதான் என்ர பாடு.

அந்தச் சனத்தில பாதிப்பேரிட்ட சும்மா கதைக்கிற போன்தான். டப்பைக் கண்டா நிமிர்ந்து இருந்து தலைமயிரைத் தடவிச் சரிசெய்வினம், படம் எடுக்கப் போறன் எண்டு. அதுக்குள்ள போறது எங்க போகுது, ஆர் பாக்கினம் எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்லை. எனக்கும் சரியாத் தெரியாது எண்டது வேற விசயம்.

இன்னொரு பழக்கமும் அங்க இருந்தது. விபரம் எடுக்க ஒரு வீட்டுக்குப் போனா நாலு வீட்டுச் சனம் வந்து குந்திவிடும். கேள்வி கேக்கிறது ஒராளிட்ட, பதில் சொல்லுறது ஒன்பது பேர். "அவருக்குக் குடிப் பழக்கம் இல்லைங்க" எண்டு மனிசி சொல்ல, பின்னால இருந்து ஒரு கூட்டமே சிரிக்கும். நான் அதுக்கு விடமாட்டன். "எல்லாரும் எழும்புங்கோ, உங்கட வீட்டுக்கு வரேக்க உங்களிட்டக் கேப்பன்" எண்டு கலைச்சுப்போட்டு, கதவையும் சாத்திப்போட்டுத்தான் தொடங்குவன். தனிப்பட்ட விபரம் காக்கிறது எப்பிடி எண்டு குளிர் அறையில அரைநாள் வகுப்பு எடுத்து, பிரியாணியும் தந்து, சான்றிதழும் தந்தவை. அந்தக் கடதாசியைச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில மாட்டி வைச்சிருந்த ஆள் நான். எவ்வளவு பெருமை!

அந்த அம்மாவின்ர வீட்டிலயும் அப்பிடித்தான் எல்லாரையும் கலைச்சன். புருசன் இல்லை. அவ வயல் வேலைக்குப் போறவ. ஒரேயொரு மகள், அந்தக் கிராமத்து முன்பள்ளியில படிப்பிக்கிற பிள்ளை. மகள் அப்ப பள்ளிக்கூடத்தில நிண்டதால தாயோடதான் கதைச்சன். நாட்பட்ட நோய் இருக்கோ எண்ட கேள்வி வந்திது. "ஒண்ணுமில்லீங்க மிஸ்" எண்டா, ஆனா முகம் மாறிப் போச்சு. வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கேலாதே எனக்கு? "அம்மா, வருத்தக்காரர் இருக்கிற வீட்டுக்குத் திட்டத்தில புள்ளி கூட. உங்கட கூரையைப் பாருங்கோ, வானம் தெரியுது. இருந்தா சொல்லுங்கோ" எண்டன்.

அவ எழும்பிப் போய் ஜன்னலால எட்டிப் பாத்தா. திரும்பி வந்து எனக்குக் கிட்டக் குந்தினா.

"புள்ளைக்கு வலிப்பு இருக்குங்க. மூணு வருசமா வரல, மருந்து ஒழுங்கா போடுது. டவுண் ஆசுப்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போறேன், இங்கிட்டுப் போனா யாராச்சும் பாத்துருவாங்கன்னு. ஊருக்குத் தெரிஞ்சா சின்னப் புள்ளைங்கள அதுகிட்ட விடமாட்டாங்க. அதுக்கு அந்தப் பள்ளிக்கூடம்தாங்க உசுரு. இத யாரு பாப்பாங்க மிஸ்?"

"கொம்பியூட்டர் மட்டும்தான் அம்மா. ஒரு குருவிக்கும் தெரியாது. நான் பொறுப்பு." வாய் கூசாமச் சொன்னன். சம்மதம் எண்ட பெட்டியில விரலால ஒரு கோடு போட்டா. நான் கவனமான ஆள் எல்லோ, விளக்கம் எழுதுற இடத்தில இப்பிடித் தட்டினன்: மகள், முன்பள்ளி ஆசிரியை, வலிப்பு, ஊருக்குத் தெரியாது, வெளியில விடக்கூடாது.

ரெண்டு கிழமையில தெரிவுப் பட்டியல் வந்திது. இப்பிடியான உதவிகளுக்கு இங்க ஒரு நடைமுறை இருக்கு. பேர்ப்பட்டியலைக் கிராமத்துப் பொதுநோக்கு மண்டபச் சுவரில மூண்டு நாள் ஒட்டி வைக்கோணும். ஆருக்காவது ஆட்சேபம் இருந்தா சொல்லலாம். களவு நடக்கக்கூடாது எண்டுதான் அந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லேல்லை. ஒட்டுறது பேரும் வீட்டு இலக்கமும் புள்ளியும் மட்டும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், வேலை முடிஞ்சு கந்தோரால வெளிக்கிடுற நேரம், அந்தக் கிராமத்துச் சங்கச் செயலாளர் போன் எடுத்தார். வயசான, நல்ல மனிசன். "தங்கச்சி, இண்டைக்கே ஒட்டோணும், பட்டியலை வட்ஸ்அப்பில போடும்மா" எண்டார். எக்ஸல் தாளைத் திறந்தன். நோய் விபரம் இருந்த எஃப் நிரலை, அந்த நெடுக்கு வரிசையை, அழிக்க மனம் வரேல்லை. அது எனக்குப் பேந்து தேவை, மூலத் தாளே அதுதானே. அதால அந்த நிரலை மறைச்சு வைச்சன். ஒரு தட்டுத் தட்ட அது காணாமப் போச்சு. கண்ணுக்குத் தெரியாட்டி இல்லை எண்டுதானே அர்த்தம் எண்டு என்ர விசர் மண்டை நினைச்சுது. இன்னொரு பிரதி எடுத்து, அதில அழிச்சுப்போட்டு அனுப்பியிருக்கலாம். ரெண்டு நிமிச வேலை. பஸ் போயிடும் எண்டு அனுப்பிப்போட்டு ஓடினன்.

அவர் அதைக் கொம்பியூட்டர் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். கடைக்காரர் பாத்தா, மேல இங்கிலீசு எழுத்து வரிசையில ஈக்குப் பிறகு ஜீ நிக்குது, இடையில எஃப்பைக் காணேல்லை. அவரும் தொழிலில சுத்தமான மனிசன். சங்கத்து வேலை, குறையாய்ப் போகக்கூடாது எண்டு, மறைஞ்சு கிடந்ததை வெளியில எடுத்து, எழுத்தும் பெரிசாக்கி அடிச்சுக் குடுத்திருக்கிறார். செயலாளர் ஒட்டிப்போட்டு, மண்டபத்துக்கு வரேலாத சனமும் பாக்கட்டும் எண்டு படம் எடுத்துக் கிராமத்து வட்ஸ்அப் குழுவிலயும் போட்டார். கண்ணாடி இல்லாம வாசிக்கமாட்டார் மனிசன். அண்டைக்குக் கண்ணாடி கொண்டுபோகேல்லை.

ஊருக்குத் தெரியாது எண்டு நான் தட்டினதையும் சேர்த்து ஊர் வாசிச்சுது. வெளியில விடக்கூடாது எண்டதையும் வாசிச்சுது.

சனிக்கிழமை செயலாளர் அழாக்குறையாப் போன் எடுத்தார். முதல் பஸ்ஸில ஓடினன். வழி முழுக்க மாதாவே மாதாவே எண்டு வாய் தன்பாட்டில சொல்லிக்கொண்டு வந்திது. சுவரில இருந்த தாளைக் கிழிச்சன், நகம் பிஞ்சு ரத்தம் வந்திது. கிழிச்சு என்ன மண்ணுக்கு? ஒரு போனில இருந்து மற்றப் போனுக்கு எண்டு அது ஊர் முழுக்கப் போய்விட்டுது. வேறை வேறை வீட்டு விசயங்களும் அதில இருந்தது, அதுகளைச் சனம் ஏசிச் சிரிச்சு மறந்திட்டுது. இதை மறக்கேல்லை.

திங்கட்கிழமை முன்பள்ளிக்கு ஆறு பிள்ளையள்தான் வந்தினமாம், புதன்கிழமை ரெண்டே ரெண்டு. தாய்மாரிட்டப் போய்க் கதைச்சன். கெட்ட சனம் இல்லை அதுகள், ஒவ்வொருத்தியும் அந்தப் பிள்ளையைப் பற்றி நல்லாத்தான் சொன்னவை. "தங்கமான புள்ளைங்க. ஆனா குழந்தைங்க மேல விழுந்துட்டா?" எண்டு ஒருத்தி கேட்டா. "தொத்துமாங்க?" எண்டு இன்னொருத்தி. தொத்தாது, மூண்டு வருசமா வரேல்லை எண்டு தொண்டை கிழியச் சொன்னன். தலையை ஆட்டினவை. பிள்ளையளை அனுப்பேல்லை. அடுத்த கிழமை, கொஞ்ச நாளைக்கு ஓய்வெடும்மா எண்டு முன்பள்ளி நடத்திறவை அவளுக்கு மரியாதையாச் சொல்லிப்போட்டினம்.

அவளிட்டப் போனன். காலில விழுகிற எண்ணத்தோடதான் போனன். வாசலில நிண்டா. ஒல்லியான பிள்ளை, கையில பிள்ளையள் கீறின படங்கள் ஒரு கட்டு. திட்டுவா எண்டு பாத்தன். "வேணும்னேவா செஞ்சீங்க மிஸ், இல்லையே" எண்டா. கடவுளே, ஒரு அறை அறைஞ்சிருக்கலாம். "மருந்தை மட்டும் விட்டிராதேங்கோ" எண்டன். "கிளினிக் நாள்ல பஸ்ல ஏறுனா எல்லாரும் திரும்பிப் பாக்கிறாங்க. ஒரு அக்கா பக்கத்துல இருந்து எந்திரிச்சுப் போயிட்டாங்க" எண்டு சொல்லிப்போட்டு உள்ளுக்குப் போயிட்டா.

கந்தோரில நடந்ததை மறைக்காமச் சொன்னன். ஏச்சு விழும், வேலை போகும், போகட்டும் எண்டுதான் சொன்னன். ஒண்டும் போகேல்லை. சம்பவ அறிக்கை எண்டு ஒரு படிவம் தந்தினம். முதல் கேள்வி என்ன தெரியுமோ? பாதிக்கப்பட்ட ஆளின்ர முழுப்பேர். அடுத்தது விலாசம். அதுக்கு அடுத்தது, வெளியான விபரம் என்ன, விளக்கமா எழுதவும். எழுதி முடிச்சா ஏழு பேருக்குப் பிரதி போகோணுமாம். எனக்குச் சிரிப்பு வந்திது. பேந்து கழிவறைக்குள்ள போய்க் கதவைப் பூட்டிப்போட்டு அழுதன். பேர் எழுதமாட்டன் எண்டு வெறும் படிவத்தைக் குடுத்தன், முழுமையாகாத அறிக்கை எண்டு திருப்பி அனுப்பினவை. கடைசியில எங்கள் எல்லாருக்கும் திரும்பவும் அந்த அரைநாள் வகுப்பு வைச்சினம்.

கூரை மட்டும் வந்திது. அந்த வருத்தத்துக்குக் கிடைச்ச புள்ளியால அவையின்ர வீடு பட்டியலில மேல நிண்டது. புதுத் தகரம், வெயிலுக்குப் பளபளக்கும். பஸ்ஸில போகேக்க நான் அந்தப் பக்கம் பாக்கிறதில்லை.

போன மாசம் அடுத்த திட்டத்துக்கு விபரம் எடுக்கத் தொடங்கினம். இந்தமுறை வீட்டிலயே வந்து மருத்துவம் பாக்கிற திட்டம். அந்தக் கிராமம் எனக்கு வேண்டாம் எண்டு கேட்டுப் பாத்தன், அனுப்ப வேறை ஆள் இல்லை எண்டினம். ஒரு வகையில சந்தோசமாவும் இருந்தது. பஸ் ஏறாமலே அந்தப் பிள்ளைக்கு மருந்து கிடைக்கும், இதையாவது ஒழுங்காச் செய்துபோடுவம் எண்டு எனக்குள்ள ஒரு ஆசை.

பகல் பத்து மணி இருக்கும். தாய் வாசலில நிண்டா, மெலிஞ்சுபோய். "வாங்க" எண்டு ஒரு கதிரையைத் தூக்கி முற்றத்தில போட்டா. உள்ளுக்குக் கூப்பிடேல்லை. அறை வாசலில சீலைத்துணி ஒண்டு தொங்கினது. நான் டப்பை எடுத்தன்.

"வீட்டில எத்தினை பேர் அம்மா?"

"நான் ஒரு ஆள்தான்."

"மகள்?"

"கொழும்புக்கு வேலைக்குப் போயிருச்சுங்க."

அப்ப உள்ளுக்கு ஒரு சத்தம். ஏதோ பாத்திரம் உருண்டது, அதோட ஒரு ஆள் விழுந்த சத்தம். பேந்து நிலத்தில குதிக்கால் அடிபடுற சத்தம், விட்டு விட்டு இல்லை, தொடர்ந்து. தாய் எழும்பேல்லை. ரெண்டு கையாலயும் முழங்காலை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு என்ர கையில இருந்த டப்பையே பாத்துக்கொண்டு இருந்தா.

"அம்மா, உள்ளுக்கு..."

"உள்ள யாருமில்லீங்க." கண்ணால தண்ணி ஓடுது, துடைக்கவும் இல்லை. "வேற என்னங்க கேக்கணும்? கேளுங்க."

நான் இருக்கிற வரைக்கும் இந்த மனிசி அந்த அறைக்குள்ள போகமாட்டா எண்டு அப்பதான் விளங்கிச்சுது. வீட்டில ஒராள் எண்டு தட்டினன். மிச்சக் கேள்வி ஒண்டும் கேக்காம எழும்பி நடந்தன், நடையில்லை, ஓட்டம். வாசல் படலையைத் தாண்டேக்க "ஏ புள்ள" எண்டு கத்திக்கொண்டு அவ உள்ளுக்கு ஓடினது கேட்டிது. நான் திரும்பிப் பாக்கேல்லை.