காணாமல் போன சமையல்காரி

அந்த எழுத்தாளரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அந்தக் கோபம் முழுதாக ஆறவில்லை. ஒன்பது வயதில் வாப்பாவுக்கு அடுத்தபடியாக நான் நம்பிய மனிதர் அவர்தான். நம்பியதற்கு நல்ல பாடம் கிடைத்தது.

அவர் சென்னையில் இருந்துகொண்டு துப்பறியும் நாவல்கள் எழுதியவர். மருதமுனையில் எங்கள் ஊர் நூலகத்தில் அவருடைய புத்தகங்கள் மூன்று இருந்தன. தொண்ணூறுகளின் தொடக்கம் அது, யுத்த காலம். கொழும்புப் பாதை ஒரு நாள் திறந்திருக்கும், ஒரு நாள் பூட்டியிருக்கும். நான்காவது புத்தகம் வருமென்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்த மூன்றையும் ராத்தா தன் நூலக அட்டையில் மாறி மாறி எடுத்து வந்து எனக்கு வாசித்துக் காட்டுவாள். என்னைவிட ஒன்பது வயது மூத்த அக்கா அவள். ஓ.எல். பரீட்சை எழுதியதோடு பள்ளிக்கூடம் போதும் என்று வீட்டில் இருத்திவிட்டார்கள்.

நானே வாசித்திருக்கலாம். ஆனால் உம்மா தறியில் சாறன் நெய்ய, நான் பக்கத்தில் இருந்து ராட்டில் நூல் சுற்ற வேண்டும். புதிதாகச் சாயம் போட்ட நூல். என் பத்து விரல்களும் ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் பச்சை. "அந்தக் கையோட புத்தகத்தத் தொட்டியெண்டா என்ட அட்டைய வெட்டிப் போடுவாங்க, தெரியுமா?" என்று ராத்தா மிரட்டி வைத்திருந்தாள். ஆகவே நான் சுற்றுவேன், அவள் தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி வாசிப்பாள்.

துப்பறிபவர் வீட்டில் ஒரு சமையல்காரி இருந்தாள். எனக்குக் கதையே அவள்தான். அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு கைரேகை தேடிக்கொண்டிருப்பார். இவள் செத்தவன் வீட்டு அடுப்படிக்குள் போய்க் குழம்புச் சட்டியைத் திறந்து ஆணத்தை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல உப்பு ரெண்டு தரம் விழுந்திரிக்கி ஐயா, சமைச்சவட மனசு இஞ்ச இல்ல" என்பாள். அத்தோடு கொலைகாரி அகப்பட்டுவிடுவாள். பாரைக் கருவாடு சுடத் தெரியாதவனெல்லாம் துப்பறிய வந்துவிட்டான் என்று எஜமானையே ஏசுவாள். உம்மாகூடத் தறியை நிறுத்திவிட்டுச் சிரிப்பா. சென்னைச் சமையல்காரி எங்கள் அடுப்படிப் பேச்சில் எப்படிக் கதைக்கிறாள் என்று எனக்கு ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை.

பிறகு ராத்தாவுக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், வீடும் பெண்ணுக்குத்தான். வீட்டை ராத்தாவுக்கு விட்டுவிட்டு நாங்கள் தறியையும் தூக்கிக்கொண்டு அதே வளவில் பின்பக்கம் போட்ட கொட்டிலுக்குப் போனோம். கூப்பிடு தூரம்தான். ஆனால் புது மாப்பிள்ளை இருக்கிற வீட்டில் பெண் சத்தம் போட்டுக் கதை வாசிப்பது அழகில்லையாம். உம்மா சொன்னா. மச்சான் அப்படியொன்றும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் வாசிப்பு அன்றோடு நின்றது. அநியாயம் என்று நான் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. அதை ஒருவரும் கவனிக்கவுமில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் நூலகத்துக்கு அந்த எழுத்தாளரின் புதுப் புத்தகங்கள் இரண்டு வந்து சேர்ந்தன. என் பெயரில் அட்டை எடுத்தேன். தேசிக்காய் பிழிந்து, தேங்காய்த் தும்பால் தோல் எரியும்வரை கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வாசிக்க உட்கார்ந்தேன்.

பன்னிரண்டாம் பக்கத்தில் சமையல்காரி வந்தாள். "காபி கொண்டு வரட்டுமா?" என்று கேட்டாள். கொண்டு வந்து வைத்தாள். போனாள். போனவள் போனவள்தான். கடைசிப் பக்கம்வரை அவர் தனியாகவே கைரேகை தேடினார். இரண்டாவது புத்தகத்தில் அந்தக் காபிகூட இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பழைய புத்தகங்களில் ஒன்றை எடுத்துப் புரட்டினேன். அதிலும் அவளைக் காணவில்லை! ஆணம் இல்லை, உப்பு இல்லை, கருவாடு இல்லை. நேரே நூலகரிடம் போய், "சேர், ஆரோ பக்கத்தக் கிழிச்சிப் போட்டாங்க" என்று சத்தம் போட்டேன். அவர் பொறுமையாக ஒவ்வொரு பக்கமாகத் தட்டிக் காட்டினார். "பாரு புள்ள, ஒண்டும் குறயல்ல." வேறு புத்தகமாக இருக்கும் என்று வாதாடவும் வழியில்லை. பின்னட்டையில், ராத்தாவுக்குத் தெரியாமல் நான் ஒருமுறை தொட்ட பச்சை விரல் அடையாளம் அப்படியே இருந்தது.

எப்படிச் செய்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் செய்தவர் அவர்தான் என்பதில் சந்தேகமே இல்லை. கொப்பியில் தாள் கிழித்து எழுதினேன்: "நீங்கள் முன்பு நன்றாக எழுதினீர்கள். இப்போது சோம்பேறி ஆகிவிட்டீர்கள். பழைய புத்தகத்திலிருந்தும் சமையல்காரியை எடுத்துவிட்டீர்கள். அவள் இல்லாமல் உங்களால் ஒரு கள்ளனையும் பிடிக்க முடியாது. உடனே திருப்பித் தரவும்."

உறையில் ஆங்கிலத்தில் விலாசம் எழுத ராத்தாவிடம்தான் போக வேண்டும். அவள் அடுப்படியில் மச்சானுக்கு மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். கடிதத்தை வாசித்தவள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. திரும்பவும் முதலில் இருந்து வாசித்தாள்.

"அவள உனக்கு அவ்வளவு புடிக்குமா?"

"ஓம். அவள் இல்லாட்டி அதுல என்ன கதை இரிக்கி?"

மீன் கருகியதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. ராத்தா கண்ணைத் துடைத்தாள். அவளுக்கும் அந்த ஆளில் என்னைப் போலவே கோபம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சமையல்காரியை உண்டாக்கியவளிடமே போய், இன்னொருவர் மேல் புகார் சொல்லிக்கொண்டு நிற்கிறேன்! ஒரு கொப்பியும் பேனையும் கொடுத்து அவளை எழுது என்று சொல்ல அந்த வளவில் ஒரு ஆள் இருக்கவில்லை. இன்றைக்கு என் கோபமெல்லாம் எங்கள் எல்லோர் மேலும்தான், என்னையும் சேர்த்து.

அன்றைக்கு நான் சொன்னது வேறு. ரெண்டு பேர் எழுதினால்தான் பயப்படுவார், நீயும் கையெழுத்து வை என்றேன். ராத்தா கையைத் துடைத்துவிட்டு, கடிதத்தின் அடியில் தன் முழுப் பெயரையும் மெதுவாக எழுதினாள். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்தப் பெயரில் இவ்வளவு நேரம் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. தபால் கந்தோர் பூட்டப் போகிறார்கள் என்று கடிதத்தை அவள் கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடினேன்.