புரட்டாசிச் சனிக்கிழமை கேக்

அப்பாவின் கடைசித் தங்கை, எங்கள் அத்தை, ஆங்கிலத் துப்பறியும் கதைகளாகவே படிப்பார். எல்லாம் குளுவாங் டவுனில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கியவை. எந்தக் கதையை எடுத்தாலும் ஒரு பெண் சின்ன ஊரில் கேக் கடை வைத்திருப்பாள். வாரம் தவறாமல் அங்கே ஒரு கொலை விழும். ஆனாலும் யாரும் கேக் வாங்குவதை நிறுத்துவதில்லை. அந்தப் பெண் மாவைக் கலக்கிக்கொண்டே கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுவாள். அத்தியாயம் முடியும் இடத்தில் அந்தக் கேக்கின் செய்முறையும் இருக்கும். அத்தை கொலையை எனக்குத் தமிழில் சொல்வார். செய்முறையைத் தனக்குள் படித்துக்கொள்வார்.

நான் யாரிடமும் வாய் திறக்காத பிள்ளை. அதனால் துப்பறிகிற வேலை எனக்குப் பொருந்தும் என்றார் அத்தை. "பேசாம பாத்துக்கிட்டே இரு. அதான் வேல."

அப்போது அவர் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஜொகூர் பாருவில் கேக் செய்யக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றில் அவருக்கு இடம் கிடைத்தது. திங்கட்கிழமைக்குள் வருவதாகச் சொல்லியாக வேண்டும். பெரியப்பாவுக்கு இதில் இஷ்டமில்லை.

"பொம்பளப் புள்ள ஜேபியில தனியா தங்கி ரொட்டி சுடப் போவுதா? நல்லாருக்கு லா கத!"

அப்பா எதையும் சட்டென்று சொல்லமாட்டார். யோசித்துவிட்டு, "சனிக்கிழம ஒரு கேக்கு செஞ்சு காட்டு. ரெண்டாவது துண்ட நானா கேட்டா, நீ போ" என்றார்.

வந்ததோ புரட்டாசிச் சனிக்கிழமை. அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் சைவம். மாதம் பிறந்ததுமே அம்மா ஐஸ் பெட்டியைக் கழுவி, மீனையும் முட்டையையும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவிடம் கொடுத்துவிடுவார். அவரை நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுவோம். எங்கள் வீட்டு வரிசையில் ஓவன் இருந்ததும் அவர் வீட்டில்தான்.

புத்தகத்தில் இருந்த எலுமிச்சை கேக்குக்கு நான்கு முட்டை வேண்டும். அத்தை அதற்குப் பதிலாகத் தயிரும் டின் பாலும் ஊற்றினார். மக்சிக், "முட்டை இல்லாமலா? அலமாக்!" என்று மலாயில் சொல்லி நெஞ்சில் கை வைத்தார். புத்தகத்தில் எல்லா அளவும் கப் கணக்கில் இருந்தது. எங்கள் வீட்டில் அரிசி அளக்கக் காலிப் பால் டின்தான். அத்தை மாவை அந்த டின்னாலும் சீனியைத் தேநீர்க் கோப்பையாலும் அளந்தார். நான் ஓவனுக்கு எதிரே உட்கார்ந்து காவல் காத்தேன்.

சாமி கும்பிட்டு முடித்ததும் கேக் மேசைக்கு வந்தது. நடுவில் குழி விழுந்திருந்தது. அப்பா ஒரு துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோனபோது பெரியப்பா தடுத்தார்.

"இரு தம்பி. முட்ட இல்லாம கேக்கு ஏது? நம்ம வீட்டு முட்டயெல்லாம் அந்த மக்சிக் வீட்டுலதான இருக்கு? வெரதத்தக் கெடுத்துக்காத."

அப்பாவின் கை அப்படியே நின்றது.

"சாமி சத்தியமா போடல பெரியண்ணே" என்றார் அத்தை. குரல் உடைந்துவிட்டது.

"மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் இதத்தான் சொல்வாங்க."

நான் எழுந்து நின்றேன்.

"முட்டயத் தொடவே இல்ல பெரியப்பா. எல்லாம் தட்டுல அப்படியே இருந்துச்சு. தயிரும் டின் பாலுந்தான். நான் அங்கேயேதான் இருந்தேன்."

நான் இவ்வளவு நீளமாகப் பேசி அந்த வீடு கேட்டதில்லை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பெரியப்பாவே சிரித்துவிட்டார். "அடேயப்பா! இதுக்குக்கூட வாய் வந்துருச்சு லா!"

அப்பா துண்டை வாயில் போட்டார். வெகுநேரம் மென்றார். தண்ணீர் குடித்தார். மறுபடி மென்றார். பிறகு தட்டை அத்தையிடம் நீட்டினார்.

"இன்னொரு துண்டு வையி."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு கேக்கில் கத்தியை வைத்தார். அது இறங்க மறுத்தது. இரண்டு கையாலும் அழுத்தி வெட்டினார். திங்கட்கிழமை ஜொகூர் பாருவுக்கு பஸ் ஏறினார்.

என் துண்டில் பாதியைக்கூட என்னால் விழுங்க முடியவில்லை. புளித்துக் கெட்டியாகத் தொண்டையில் நின்றது. அப்பாவோ இரண்டாவது துண்டையும் ஒரு பொடி விடாமல் சாப்பிட்டு முடித்திருந்தார். என் சாட்சியால்தான் அத்தை ஜெயித்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒன்றுக்கு மட்டும் துப்பு கிடைக்கவில்லை. அந்தக் கேக் அப்பாவுக்கு எப்படி அவ்வளவு பிடித்துப்போனது? வயதானால் நாக்கு மாறிவிடும் போலிருக்கிறது என்று முடிவுசெய்து வழக்கை மூடிவிட்டேன்.