முனுசாமி ரேகை வைக்க மறுத்த மனு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருத்தணியில் என் வீட்டு வாசலில் நெசவுக்காரர் முனுசாமி வந்து நின்றார். யுத்தம் வந்ததிலிருந்து நூலுக்கும் கண்ட்ரோல் அல்லவா? பன்னிரண்டு நாளாக அவர் தறி ஓடவில்லை. மறுநாள் நூல் ஆபீசர் வருகிறார். மனு கொடுத்தால்தான் நூல். தவறினால் அடுத்த மாதம் வரை வீட்டில் அடுப்பு எரிவது சந்தேகம்.

நான் பள்ளிக்கூட வாத்தியார். தெருவுக்கே இங்கிலீஷ் மனு எழுதித் தருகிறவன். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு... இருக்கக் கூடாதா என்ன?

'ஐ ஹம்ப்ளி பெக்' என்று பிள்ளையார் சுழி போட்டு ஒரு பக்கம் எழுதினேன். அர்த்தம் சொல்லிவிட்டு, ரேகை வைக்க மையை நீட்டினேன். மனிதர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பெக்குன்னா பிச்சை கேக்கறதா, வாத்தியாரே? எங்க நைனா காலத்துலேர்ந்து தறி போட்டுகினு இருக்கோம். நெய்யறதுக்கு நூல் கேக்கறேன். பிச்சை இல்லீங்க."

இங்கிலீஷில் வார்த்தைக்கா பஞ்சம்? அதை அடித்துவிட்டு 'ப்ரே' என்று எழுதினேன் – பிரார்த்திப்பது.

"அது மலைமேல இருக்கறவருக்குங்க. ஆபீசருக்கு எதுக்கு?"

'இம்ப்ளோர்' – கெஞ்சுவது. தலையை ஆட்டினார். 'பிஸீச்' – மன்றாடுவது.

"நான் இன்னா தப்பு பண்ணேன், மன்றாடறதுக்கு?"

'சப்ளிகேட்' – மண்டியிட்டு வேண்டுவது. அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. 'ரிக்வெஸ்ட்' எழுதப் போனால், பழக்கதோஷம், பேனா அதற்கு முன்னாலும் ஒரு 'ஹம்ப்ளி'யை – தாழ்மையுடன் – போட்டுவிட்டது!

"வெறுமனே கேக்கறதுக்கு அவங்க பாஷையில வார்த்தையே இல்லீங்களா?"

"இருக்குது, ஆஸ்க்குன்னு. ஆனா ஆபீசருக்குக் கோவம் வந்து நூல் கிடைக்காம போச்சுன்னா?"

யோசித்தார். பயம் அவருக்கும் இருந்தது, முகத்தில் தெரிந்தது.

"ஆங்... அதையே போடுங்க" என்று கட்டைவிரலை மையில் வைத்தார்.

மொத்தம் இரண்டே வரி. எனக்குத்தான் அப்புறம் நிம்மதியில்லை. ஆபீசர் விரட்டிவிட்டால் அந்தப் பாவம் என் தலையில்தானே?

அந்த வாரம் புதன்கிழமை பள்ளிக்கூடம் போகிற வழியில் அவர் வீட்டிலிருந்து தறிச் சத்தம். ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன்.

"குடுத்துட்டாரு, வாத்தியாரே! இன்னா வேணும்னு இந்த ஒரு மனுவுலதான் சட்டுனு புரியுதுன்னாரு."

வாயெல்லாம் பல்லாக அவர் சிரித்தபோது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பாருங்கள்... சென்னைப் பட்டணத்துக்கு மாற்றல் வேண்டி மூன்று வருஷமாக நான் பெக், ப்ரே, இம்ப்ளோர் எல்லாம் செய்தாகிவிட்டது – இன்னும் கேட்டுத்தான் பார்க்கவில்லை!