கடைசிப் பக்கத்துக் கேள்வி

சுகாதார நிலையத்தில் அந்த நர்ஸம்மாவுக்குப் 'பச்சை அட்டை' என்றே பட்டப்பெயர். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர்களுக்குப் பச்சை அட்டை, மற்றவர்களுக்குச் சிவப்பு. அவர் பொறுப்பிலிருந்த மூன்று தெருக்களில் மருந்துக்குக்கூடச் சிவப்பு கிடையாது. கூட்டத்தில் மேலதிகாரி அதைச் சொல்லிப் பாராட்டினால் அவருக்குத் தலைகால் புரியாது.

இந்த அட்டைத் திட்டம் வானத்திலிருந்து குதித்ததல்ல. நாலு வருடம் ஆராய்ச்சி செய்து, பலன் உண்டென்று நிரூபித்து, கையேடு போட்டுக் கொடுத்தது. அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: 'தினமும் மாத்திரை சாப்பிட உங்களுக்கு எது இடைஞ்சல்?' ஆராய்ச்சிக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் பத்து நிமிடம் அதைக் கேட்டு, பதிலுக்கேற்ப மாத்திரையையே மாற்றினார்கள். நர்ஸம்மா கேட்கவில்லை. நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது யார் உட்கார்ந்து கதை கேட்பது? படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை. கட்டமில்லாத வேலையை எந்த ஊழியர் செய்திருக்கிறார், சொல்லுங்கள்.

நர்ஸம்மாவின் தம்பிக்கும் அந்தத் தெருக்களில் ஒன்றில்தான் வீடு; ஆயத்த ஆடை ஆலையில் தையல்காரன். மாதாமாதம் வந்து ரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டுவான். "பாஸாயிட்டேனாக்கா?" என்று சிரித்தபடி பச்சை அட்டையோடு போவான்.

போன வருடம் ஒருநாள் தையல் இயந்திரத்தின் மேலேயே சரிந்தான். பக்கவாதம். வலது கை விழுந்துவிட்டது. அவன் மனைவி ஒரு பை நிறைய பிரிக்காத மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்து நீட்டினாள். "துணிக்கு அடியில வச்சிருந்தாரு, அண்ணி."

"ஏன்டா சாப்பிடல?" என்றார் நர்ஸம்மா, கட்டிலருகே உட்கார்ந்து.

நாக்குக் குழற மெல்லச் சொன்னான். "அதப் போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருதுக்கா. மிஷின விட்டு எழுந்தா சூப்பர்வைசர் கத்துறான். நீ பாக்குறதுக்கு முன்னாடி நாலு நாள் மட்டும் போட்டுட்டு, தண்ணி குடிக்காம சமாளிச்சேன். உன் தெருவுல சிவப்பு வரக்கூடாதுல்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடா."

"நீ கேக்கலையேக்கா."

அவன் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் அவரை உடைத்துப் போட்டது. அந்தத் தொந்தரவில்லாத வேறு மாத்திரை மருந்தறையிலேயே இருந்தது, அதே அலமாரியில், ஒரு தட்டு மேலே.

இப்போது எல்லாரிடமும் முதலில் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார். வரிசை வாசல் தாண்டி நிற்கிறது. சாப்பிடாததை இப்போது யாரும் ஒளிப்பதில்லை; பாதிப் பேருக்குச் சிவப்பு அட்டை. மேலதிகாரி விளக்கம் கேட்டிருக்கிறார்.

தம்பியும் தினமும் மாத்திரை சாப்பிடுகிறான். அவனுக்கு இனி இடைஞ்சல் எதுவுமில்லை. வேலைக்குத்தான் போவதில்லையே.