பெயர் கேட்காத மாடிப்படி

நாற்பதுகளின் நடுவில், சுதந்திரம் வருவதற்குச் சற்று முன், பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். தங்கல் மாட்டுங்காவில், பாலக்காட்டுக்காரர் ஒருவர் நடத்திய மெஸ்ஸின் மாடியறையில். ஒரு நாள் மதியம் எங்கள் ஹெட்கிளார்க் மேஜைகளுக்கு நடுவே வந்து நின்று, “ஊர்ல கலாட்டாவாம். டிராம் நின்னுடுத்து. எல்லாரும் ஆத்துக்குக் கிளம்புங்கோ” என்றார். ரயிலும் ஓடவில்லை. நடந்தேன்.

பைகுல்லா தாண்டியதும் எதிரே கூட்டம் தலைதெறிக்க ஓடி வந்தது. அதன் பின்னால் துப்பாக்கிச் சத்தம். எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். பக்கத்துக் கட்டடத்தின் வாசலிலிருந்து ஓர் அம்மாள் மராத்தியில் அதட்டினாள். “அரே, ஆத் யே!” உள்ளே வா என்கிறாள் என்பது மட்டும் புரிந்தது. நான் நுழைந்ததும் கதவைத் தாழிட்டாள்.

மாடிப்படியில் எனக்கு முன்பே சிலர் ஒதுங்கியிருந்தார்கள். ஒரு மில் தொழிலாளி, காலிக் கூடையோடு ஒரு மீன்காரப் பெண், கறுப்புக் கோட்டு அணிந்த ஒருவர். யாரும் யாருடைய பெயரையும் கேட்கவில்லை. பெயரைச் சொன்னால் மதம் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அடுத்த படியில் இருப்பவரைப் பார்க்கிற பார்வை மாறிவிடும். அந்த அம்மாள் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். எல்லோரும் அண்ணாந்து குடித்தோம். மில் தொழிலாளி வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார். வெளியே கண்ணாடி நொறுங்கியபோது மீன்காரப் பெண் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த ஊருக்கு வந்த பிறகு என்னை யாருமே தொட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பொழுது சாய்வதற்குள் சந்தடி அடங்கியது. ஆளுக்கொரு திசையில் பிரிந்தோம்.

அந்தக் காலத்தை நான் உயர்த்திப் பேச வரவில்லை. இரண்டு தெரு தள்ளி, பெயரைக் கேட்டுவிட்டுக் குத்தியவர்களும் அதே பம்பாயில்தான் இருந்தார்கள். மெஸ்காரர் அடுப்பை அணைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். உடன் தங்கியிருந்தவர்களும் போனார்கள். பெற்றோர் இல்லாத எனக்குப் போக இடமில்லை. ஊரடங்கு முடியும்வரை அந்த மாடியறையில் தனியாகக் கிடந்தேன். என் குரல் எனக்கே மறந்துவிடும் போலிருந்ததால் ஆபீஸ் கடிதங்களை, “டியர் சார்” என்று தொடங்கி, சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வேன்.

இப்போது வயது தொண்ணூறு தாண்டிவிட்டது. செம்பூரில் மகன் வாங்கிய பிளாட். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகன் வெளிநாட்டில். சென்ற மழைக்காலத்தில் பக்கத்துப் பேட்டையில் கல்லெறி என்று செய்தி வந்தது. நாற்பதுகளில் பயம் காது எட்டும் தூரத்தோடு நின்றது. இன்று எங்கோ எரிவதெல்லாம் கைபேசி வழியாக என் மடிக்கு வந்துவிடுகிறது.

மகன் கூப்பிட்டான். “அப்பா, கீழே எறங்கவே எறங்காதீங்கோ.”

“நான் எங்கேடா போகப் போறேன்?”

பால்கனியிலிருந்து பார்த்தேன். எங்கள் பூட்டிய கேட்டுக்கு வெளியே, ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர் நனைந்தபடி, உள்ளே சற்று நிற்கட்டுமா என்று வாட்ச்மேனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். கட்டடத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்திகள் குவிந்தன. யார் அது? பெயர் என்ன? கார்டு காட்டச் சொல்லுங்கள். திறக்கச் சொல்லி ஒருவரும் எழுதவில்லை. எனக்கு அதில் வேகமாக எழுத வராது. குடையை எடுத்துக்கொண்டு லிஃப்டில் இறங்கினேன்.

“கேட் கோலோ” என்று திறக்கச் சொன்னேன்.

“அவர் போயிட்டார் பாபா” என்றான் வாட்ச்மேன், இந்தியில்.

கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். சாலையில் யாருமில்லை. அவன் தன் நாற்காலியை இழுத்துப் போட்டான். மேலே ஏறிப்போக மனமில்லை. உட்கார்ந்தேன்.

“வீட்ல யார் இருக்காங்க?” என்று கேட்டான்.

“கோயி நஹீ”, யாருமில்லை என்றேன்.

மழை விடும்வரை என் பக்கத்திலேயே நின்றான்.