லீவு போட்டால் வீட்டுக்கு வரும் நேசக்குமார்

நேசக்குமார் நாசரேத்துக்காரர். தூத்துக்குடியில் இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவருக்குக் கீழே இறால் உரிக்கும் பெண்களோ நினைத்தால் லீவு போடுவார்கள். "இந்த மாசம் மொத்த லீவு இருபதைத் தாண்டுச்சுன்னா உங்க இடத்துக்கு வேற ஆள்" என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். கல்லூரியில் படிக்கும் இரண்டு மகள்களைப் பெற்ற மனுஷன், பாவம், ஆடிப்போனார்.

அவருடைய ஊரில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் வீடு தேடிப் போய் ஜெபம் பண்ணுவார்கள். இங்கேயும் அதையே ஆரம்பித்தார். லீவு போட்டவள் வீட்டில் அன்று சாயங்காலமே ஒரு ரொட்டிப் பாக்கெட்டோடு ஆஜராகி, குடும்பத்தையே முழங்காலில் நிறுத்திவிட்டுக் கண்ணை மூடுவார். நோயாளியில் தொடங்கி, அக்கம்பக்கம், துறைமுகத்துக் கப்பல்கள், அதில் இருக்கிற மாலுமிகள் என்று ஒருவரையும் விடமாட்டார். அவர் ஆமென் சொல்வதற்குள் அடுப்பில் குழம்பு வற்றிவிடும். வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பிய ஷீஜா, வாசலில் அகப்பட்டு, பட்டுச்சேலையோடு முக்கால் மணி நேரம் முழங்காலில் நின்றாள்.

இரண்டே வாரத்தில் லீவு மளமளவென்று குறைந்தது. எல்லாம் ஜெபத்தின் பலன் என்று நேசக்குமார் பூரித்துப்போனார்.

இருபத்தேழாம் தேதி லீவு சரியாக இருபதில் நின்றது. அன்று மதியம் ஜெமிமா இறால் மேசையிலேயே சரிந்து விழுந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது.

"ஏளா, இவ்வளவு காய்ச்சலோட எதுக்கு வந்த? லீவு போட வேண்டியதுதான?"

"லீவு போட்டா நீங்க வந்துருவியளே அண்ணாச்சி. அம்புட்டு நேரம் முட்டி போட எனக்குத் தெம்பில்ல."

சுற்றி நின்றவர்கள் மாஸ்க்குக்குள் சிரிப்பை அடக்கினார்கள். நேசக்குமாருக்கு முகம் செத்துவிட்டது. எல்லாரும் குணமாகிவிட்டார்கள் என்றல்லவா நினைத்திருந்தார்! அந்த வெட்கத்தைவிட, இந்த நிலையில் இவளை வேலை வாங்கிவிட்டோமே என்பதுதான் அவரை அதிகம் வதைத்தது.

டாக்டரிடம் காட்டி, ஆட்டோவில் அவரே வீட்டில் கொண்டுவிட்டார். அவரைப் பார்த்ததும் ஜெமிமாவின் புருஷன் கைலியைச் சரிசெய்துகொண்டு முழங்கால் போடத் தயாரானான்.

"வேண்டாம் தம்பி, உக்காருங்க."

நேசக்குமார் நின்றபடியே கண்ணை மூடினார். இருபத்தொன்று என்ற எண்தான் உள்ளே தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆண்டவரே, இந்த மகளை இந்த வாரம் முழுக்க வேலைக்கு அனுப்பாதேயும். ஆமென்."